ஊசி போட்ட கால்

இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் ஒரு நிமிடம் உங்கள் பழைய தெருவை நினைத்துப் பாருங்கள். முட்டிக்கு மேலே தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி நடந்த ஒரு பிள்ளை அங்கே இருந்திருக்கும். ஓடிப்பிடித்து விளையாடும்போது சுவரோரமாக நிற்கவைக்கப்பட்ட பிள்ளை. பெயர் மறந்திருப்பீர்கள், நடை மறந்திருக்காது. மண்ணூர்பேட்டையில் எங்கள் லைன் வீடுகளில் அந்தப் பிள்ளை நான்.

சில வாரங்களுக்கு முன்பு, நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சொட்டு மருந்து முகாம் போட்டார்கள். ஒரு மேசை, ஒரு நீலப் பெட்டி, இரண்டு பெண்கள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வந்தார்கள். இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை, முடிந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு இளம்பெண் மட்டும் என் காலைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஆக்ஸிடென்டா?" என்றாள். "போலியோ" என்றேன். அவள் மேசையில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு முகாமின் பெயர். அப்படி ஒரு நோய் இருந்தது என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் லைனுக்கு அந்தச் சொட்டு முதன்முதலாக வந்த வருடம் எனக்கு ஏழு வயது.

லைனில் பன்னிரண்டு வீடுகள், எதிரெதிராக ஆறும் ஆறும். நடுவில் இரண்டு பேர் உரசிக்கொண்டு நடக்கிற சந்து. சந்தின் கோடியில் அடிபம்பு. எல்லா வீட்டு ஆண்களுக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. தாத்தா நடவு நட்ட நிலத்தின் மேல்தான் அப்பாவின் கம்பெனி நிற்கிறது என்று அம்மா சொல்வாள். எந்த இடத்தில் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

அப்பா லேத் ஓட்டினார். அம்மா இன்னொரு கம்பெனியில் பேக்கிங். பள்ளிக்கூடம் மெயின் ரோட்டைத் தாண்டி இருந்தது. லாரிகள் போகும் ரோட்டில் இந்தக் காலோடு எப்படி என்று, "அடுத்த வருஷம் சேத்துக்கலாம்" என்றார்கள். அதையே முந்தின வருடமும் சொல்லியிருந்தார்கள். அதனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் நான் இருந்தேன். கடிகாரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கம்பெனிச் சங்கும் ஒவ்வொரு குரலில் ஊதும். கரகரத்த குரலில் ஒன்று ஊதினால் சாப்பாட்டு நேரம். காற்று திரும்பினால் எங்கிருந்தோ ரப்பர் வேகும் வாசனை வரும். மதியத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடேறி டிக் டிக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து சந்தில் பாண்டி ஆடுவார்கள். என்னை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் முறை வரும்வரை அவரவருடைய ஓட்டுச் சில்லை நான் வைத்திருக்க வேண்டும். மடி நிறைய சில்லு இருக்கும். என்னுடையது என்று அதில் ஒன்றும் இருக்காது.

இடது காலில் காலிப்பர் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டியில் பூட்டு, தோல் வார், அடியில் பூட்ஸ். முதலாவது பெரியாஸ்பத்திரியில் கொடுத்தது. அது சின்னதாகிப்போனதும் இரண்டாவதை அப்பாவே கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கடைந்து செய்தார். தோல் வேலை மட்டும் பஸ் ஸ்டாப்பில் செருப்பு தைப்பவருடையது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து டேப்பால் இரண்டு கால்களையும் அளப்பார். வலது காலை ஒரு முறை அளப்பார். இடது காலை மூன்று முறை அளப்பார். அளவு மாறாது. அவர் கையில் கூலண்ட் எண்ணெய் வாசனை எப்போதும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகூட.

அந்தக் காலுக்கு லைனில் ஒரு பெயர் இருந்தது. ஊசி போட்ட கால். புதிதாகக் குடிவருகிற எவரும் முதல் வாரத்தில் என்னைப் பார்த்து, "இன்னா ஆச்சு பாப்பா?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன்: "ஜுரம் வந்துச்சு. டாக்டர் ஊசி போட்டாரு. மறுநாள் கால் போச்சு." அப்பா சொன்னதைக் கேட்டுக் கேட்டு அதே சொற்களில், அதே இடங்களில் நிறுத்திச் சொல்லப் பழகியிருந்தேன். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். என்னிடம் இருந்த ஒரே கதை அது. நன்றாகவே சொல்வேன்.

பகலில் என்னைக் கவனிக்கிற ஒரே பெரியவள், பம்புக்குப் பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் பம்பு வீட்டு அக்கா என்போம். வாய் பெரியது, கையும் தாராளம். பதினொரு மணிக்கு எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள். "குடி. குட்சிட்டு டம்ளர கழுவி வை. நான் உனக்கு வேலக்காரி இல்ல" என்பாள். டம்ளரைக் கழுவ விட்டதே இல்லை. அவளுக்கு ஒரு மகன். அந்த வெயில் காலத்தில் இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. துணி துவைக்கும்போது அவனை என் ஸ்டூலுக்குக் கீழே விட்டுவிட்டுப் போவாள். அவன் ஒரு ஸ்பூனால் என் காலிப்பரைத் தட்டுவான். கம்பியில் ஒரு சத்தம், பூட்டில் ஒரு சத்தம், தோலில் சத்தமே வராது. தோலில் தட்டிவிட்டு ஏன் வரவில்லை என்று நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். பகல் முழுவதும் என்னைப் பார்த்த முகம் அது ஒன்றுதான்.

நர்ஸம்மா வந்தது அந்த வெயிலில். தெற்கத்திப் பேச்சு. வெள்ளைச் சேலை, தோளில் ஒரு நீலப் பெட்டி, கையில் நீளமான நோட்டு. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் குப்பி. கதவு கதவாகத் தட்டி, "இளம்பிள்ளை வாதம் வராம இருக்கச் சொட்டு மருந்து தாயி. ஊசி கிடையாது, வாயில விடுறது" என்றார். பன்னிரண்டு வீட்டில் கைக்குழந்தை உள்ள வீடு ஐந்து. ஐந்தும் அன்று வேண்டாம் என்றுவிட்டன. பம்பு வீட்டு அக்கா அவர் பேச்சைப் போலவே இழுத்து, "வேண்டாம் தாயி, வெயில்ல அலையாத தாயி" என்றாள். சந்து முழுக்கச் சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தார். போகும்போது என்னைக் கடந்தவர் நின்று, திரும்பிவந்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காலிப்பரைத் தொடவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு துண்டு ஐஸ் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதற்கு முன் ஐஸைத் தொட்டதில்லை. சுடுவது போலிருந்தது, ஆனாலும் கையை மூடிக்கொண்டேன். அம்மா வேலையிலிருந்து திரும்பியதும் ஈரம் காய்ந்த கையைக் காட்டி, "இங்கதான் வெச்சாங்க" என்றேன்.

அடுத்த மாதம் நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தார். அப்பா வீட்டில் இல்லை. அம்மாவிடம், "உங்க பாப்பாவை இந்த அஞ்சு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போகட்டுமா? நான் நூறு வார்த்தை சொல்றதை இவ கால் ஒரு தடவையில சொல்லிரும்" என்றார். அம்மா எனக்குத் தலை வாரி, நல்ல பாவாடையை எடுத்துக் கட்டிவிட்டாள். அந்த நாளைய படம் ஏதும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் பாவாடை கத்தரிப்பூ நிறம். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுவது.

நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் நடைக்கு ஏற்ப நடந்தார். ஒவ்வொரு வாசலிலும், "கொஞ்சம் தூக்கிக் காட்டு கண்ணு" என்பார். நான் பாவாடையை முட்டிவரை தூக்குவேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் இப்போது எழுதும்போது நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அன்று வெட்கம் இல்லை. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து எங்கோ கூட்டிப்போகிறார், நான் இல்லாமல் அந்த வேலை நடக்காது. மூன்று வீட்டில் குழந்தையை நீட்டினார்கள். சொட்டு வெளிர்ச் சிவப்பாக இருந்தது. எனக்கும் ஒன்று கேட்டேன். "உனக்கு எதுக்கு கண்ணு? உனக்குத்தான் வந்துட்டுப் போயிருச்சே" என்றார்.

நான்காவது, பம்பு வீடு. அக்கா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் என்னைப் பார்த்ததும் காலிப்பருக்காகக் கையை நீட்டிக் குதித்தான்.

"தோ பார் நர்ஸம்மா. நான் படிக்காதவ. ஆனா கண்ணு கீது எனக்கு. இந்தக் கால தெனம் பாக்கறேன்."

"அதைத்தான் தாயி நானும் சொல்லுதேன். இந்தக் கால் உம் பிள்ளைக்கு வந்துரக் கூடாது."

"இது ஊசி போட்டு வந்துது."

"இது வாதம் வந்த காலு. இந்தச் சொட்டு அன்னைக்கு இருந்திருந்தா இவ இப்போ ஓடிக்கிட்டு இருப்பா."

"நீ பாத்தியா? அன்னிக்கு நீ இங்க இருந்தியா? இல்ல. இவ இருந்தா." அக்கா என் பக்கம் திரும்பினாள். குரல் மிரட்டலாக இல்லை. கஞ்சி கொடுக்கும்போது பேசுகிற அதே குரல். "நீ சொல்லு பாப்பா. ஊசி போட்டப்புறந்தானே கால் போச்சு?"

இரண்டு பெரியவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். அதுவரை என்னிடம் யாரும் எதையும் தீர்த்துவைக்கக் கேட்டதில்லை.

"ஆமா" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். ஜுரம் வந்துச்சு. டாக்டர் ஊசி போட்டாரு. மறுநாள் கால் போச்சு.

"அவ்ளோதான்" என்றாள் அக்கா. "சின்னப் பொண்ணு பொய் சொல்லாது. கவுருமெண்டு மருந்து எதுவும் எம் புள்ள மேல பட வேணாம். ஊசின்னாலும் வேணாம், சொட்டுன்னாலும் வேணாம்."

நர்ஸம்மா எழுதுவதற்காக என் கையை விட்டார். நோட்டில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சொல் எழுதினார். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. ஐந்தாவது வீட்டுக்காரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். நர்ஸம்மா என்னை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார். அதற்கடுத்த மாதம், சொட்டு வாங்கிய அந்த மூன்று வீட்டுக்கு மட்டும் மறு சொட்டு கொடுக்க வந்தார். ஸ்டூலிலிருந்து கூப்பிட்டேன். "வெயில்ல உட்காராத கண்ணு" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். ஐஸ் கேட்கலாம் என்றிருந்தேன்.

அதற்குள் பம்பு வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தான். முதலில் என் காலிப்பர் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்து நின்றான். நான் கம்பியை ஆட்டாமல் வைத்திருப்பேன். பிறகு விட்டுவிட்டு இரண்டு அடி. பிறகு சந்தின் நடுவரை. ஒரு வாரத்தில் பம்புவரை போய்விட்டான். அதன் பிறகு என் பக்கம் வரவில்லை. ஸ்பூன் என் ஸ்டூலுக்குக் கீழேயே கிடந்தது.

மழை பிடித்த பிறகு அவனுக்கு ஜுரம் வந்தது. அக்கா அவனை டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. துணி நனைத்துப் போட்டு, கஷாயம் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். "ஒரு ஊசி போட வுடல நானு" என்று பம்படியில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. நான்காம் நாள் காலை அவனை வாசலில் நிறுத்தினாள். வலது கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது. மறுபடி தூக்கி நிறுத்தினாள். மறுபடியும் மடிந்தது. மூன்றாவது தடவை அவள் நிறுத்தவில்லை. ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அப்பா நூல் கழிவால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில்.

"அண்ணே, ஊசியே போடலியே. அப்புறம் எப்டி?"

அப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் துடைக்க எதுவும் இல்லை.

"சொல்லு அண்ணே. உன் பொண்ணுக்கு ஊசியால போச்சு. எம் புள்ளைக்கு எதால போச்சு?"

"மொத டாக்டரு ஊசி வேணாம்னுதான் சொன்னாரு" என்றார் அப்பா. "மாத்திர குட்த்து, படுக்க வை, அலைய வெக்காதன்னாரு. நான்தான், ஊசி போடாதவன்லாம் இன்னா டாக்டருன்னு இன்னொருத்தர்கிட்ட தூக்கினு போனேன். அவரும் யோசிச்சாரு. போடுய்யான்னு நின்னேன். போட்டாரு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்தாள். எனக்கு ஜுரம் வந்த அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். "எனுக்கே இப்பத்தான்யா தெரியுது" என்றாள்.

"இத்தினி வருஷமா கேட்டவங்களுக்கெல்லாம் பாதியத்தான் சொன்னியா?" என்றாள் அக்கா. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் நம் பக்கத்து மனிதர்களுக்கு டாக்டர் என்றால் ஊசி. மாத்திரை மட்டும் எழுதித் தருகிறவர் கெட்டிக்காரர் இல்லை. ஜுரத்தோடு குழந்தையைத் தூக்கிப்போய் ஊசி போடாமல் திரும்பிவருவது பெற்றவர்களுக்குக் குறை. அப்பா அப்படித்தான் செய்தார். உங்கள் அப்பாக்களும் செய்திருப்பார்கள். வெகுகாலம் கழித்து, பத்திரிகையில் வேலை பார்த்த நாட்களில், வயதான மருத்துவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். என் காலுக்கு வந்தது போலியோதான், சந்தேகமில்லை என்றார். ஆனால் அந்தக் காய்ச்சல் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால், ஊசி ஏறிய கால் விழும் வாய்ப்பு கூடும், அதனால்தான் முதல் டாக்டர் வேண்டாம் என்றிருப்பார் என்றும் சொன்னார். ஊசியே போடாத குழந்தைக்கும் அது வரும். அன்று அது வராமல் தடுக்கக் கூடியது அந்தச் சொட்டு மட்டும்தான். ஆக, நர்ஸம்மா சொன்னது சரி. அப்பா சொன்ன பாதியும் பொய் இல்லை. இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா பம்பு வீட்டுக் குழந்தையின் காலை அளந்தார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னக் காலிப்பர் கடைய ஆரம்பித்தார். அக்கா குழந்தையை மறுபடி என் ஸ்டூலுக்குக் கீழே கொண்டுவந்து விட்டாள். நடக்க முடியாதவனை வேறு எங்கே விடுவாள்? அவன் ஸ்பூனைக் கண்டெடுத்தான். கம்பியில் தட்டினான், பூட்டில் தட்டினான், தோலில் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் இனி பம்புவரை ஓடமாட்டான் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் பாண்டி ஆடும்போது பாதிச் சில்லுகளை அவன் மடியில் வைத்தேன். ஆறு வாரம் அப்படி இருந்தது. என் சிறுவயதில் நான் தனியாக இல்லாத ஆறு வாரம்.

பிறகு அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு பூந்தமல்லிப் பக்கம், அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குதிரை வண்டியில் சாமான் ஏற்றினார்கள். அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று என் தலையில் கை வைத்தாள், எடுத்தாள். அன்று பதினொரு மணிக்கு யாரும் வரவில்லை. காலிப்பரில் தோல் வேலை இன்னும் பாக்கி இருந்தது. அது முடிந்ததும் அப்பா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனார். கொடுத்த அடையாளத்தில் அவர்கள் இல்லை. அடுத்த ஞாயிறும் போனார், அதற்கடுத்த ஞாயிறும். சுற்றிய துண்டோடு திரும்பி வந்தார்.

அப்பா இறந்த பிறகு அவருடைய டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் அது கிடைத்தது. கிரீஸ் தடவி எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தார். கம்பியில் துரு இல்லை. பூட்டு இன்றும் ஒரே சொடுக்கில் விழுகிறது. நீளம் என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. தோல் வாரில் துளை போட்டிருக்கிறது, எந்தத் துளையும் இழுபட்டு அகலவில்லை.

பூந்தமல்லிக்கு இப்போதும் ஏதாவது வேலையாகப் போவதுண்டு. மெட்ரோ தூண்களுக்குக் கீழே பஸ்ஸுக்காக நிற்கும்போது, ஐம்பதை நெருங்கும் ஆண்கள் வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, வலது காலைப் பார்க்கிறேன். கண்டுபிடித்தால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அந்தக் காலிப்பர் இனி யாருக்கும் ஆகாது.

பத்திரிகையில் தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் போடுவோம். பம்பு வீட்டு அக்கா என்னிடம் கேட்டாள், அன்று நான் அங்கே இருந்தேன் என்று நம்பிக் கேட்டாள். இருந்தேன்தான். ஒன்றரை வயதுக் குழந்தையாக, ஜுரத்தில் கண் மூடி, அப்பாவின் தோளில் கிடந்தேன். டாக்டரின் முகமோ, ஊசியோ, அதற்கு முன்னால் ஓடிய என் காலோ எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வாசலில், அந்தக் குழந்தை என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தபோது, நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இரண்டே சொல்.

தெரியாது, அக்கா.